உப்பில் பாஸ், கிணற்றில் ஃபெயில்

போன ஞாயிற்றுக்கிழமை நான் மூழ்கப் பார்த்தேன். கடலில் இல்லை... கிளியனூரில், ஒரு வயல் கிணற்றில்!

பதறாதீர்கள். இதை எழுதுவது நானேதான்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்தில் யாருக்கு நிம்மதியான தூக்கம்? காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் வாசலுக்கு ஓடுகிறேன். கதவருகில் எப்போதும் ஒரு பை — துணி, மாத்திரை, ரேஷன் கார்டு. பஸ் ஹார்ன் அடித்தால்கூட கை அந்தப் பையைத் தேடுகிறது.

பக்கத்து வீட்டு மும்தாஜுக்கு இதைவிடப் பெரிய அவஸ்தை. புருஷன் துபாயில். அங்கிருந்து போன் மேல் போன். "வீட்டைப் பூட்டிட்டுத் திண்டிவனத்துல உங்கம்மாகிட்டப் போய் இரு." இங்கே அவளுக்கு ஒரு டெய்லரிங் கடை. தனி ஆளாக உண்டாக்கியது. அதை எப்படி விடுவாள்? ஒரு நாள் போனில் கத்தியேவிட்டாள். "நான் நீச்சல் கத்துக்கிட்டா இங்கயே இருக்கலாமா?" அவரும் கோபத்தில், "கத்துக்கிட்டு அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.

நீச்சல் தெரிந்தால் அந்த அலையை ஜெயித்துவிட முடியுமா? முடியாது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையே! அறுபதை நெருங்கும் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

குரு — உப்பளத்தில் வேலை செய்யும் ஆரோக்கியமேரி. கடலில் இறங்க மூவருக்குமே தைரியம் இல்லை. அதனால் உப்புப் பாத்திகளுக்குக் கடலைவிடக் கரிக்கும் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குட்டைதான் கிளாஸ் ரூம். மார்பளவு ஆழம். விடிந்ததும், மேரி வேலைக்குப் போகுமுன் கிளாஸ்.

"மல்லாந்து படுங்கம்மா. அதுவே தூக்கிடும்" என்றாள் மேரி. படுத்தேன். தூக்கிவிட்டது! முதல் நாளே! கண் எரிந்தது, உடம்பெல்லாம் அரித்தது... அதனால் என்ன? மும்தாஜ் புர்காவை ஷெட்டில் மாட்டிவிட்டு, பழைய சுடிதாரில் கையைக் காலை அடித்துக் கரைக்குக் கரை போய் வந்தாள். "இவ்ளோதானாக்கா நீச்சல்?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பரீட்சை வைக்க வேண்டாமா? அதற்குத்தான் கிளியனூர். மேரியின் தங்கை வீட்டு வயல் கிணறு, இறங்கப் படி உண்டு. மும்தாஜுக்கும் எனக்கும் இடுப்பில் கயிறு. மேலே பிடித்துக்கொள்ளத் தங்கையும் அவள் மகளும். குருவுக்குக் கயிறு எதற்கு?

வழக்கம்போல ஒய்யாரமாக மல்லாந்தேன். கால் போயிற்று. இடுப்பு போயிற்று. மூக்குக்குள் தண்ணீர்! பக்கத்தில் மும்தாஜும் அப்படியே. எங்களைக் காப்பாற்றக் குதித்தாள் மேரி... அவளும் கீழே போனாள்! என் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் குரு கரையேறினாள்.

"ஏம்மா, இந்தத் தண்ணிக்கு என்ன கேடு? தூக்கவே மாட்டேங்குதே!" என்றாள், இருமிக்கொண்டே. ஆழமான நல்ல தண்ணீரில் அவள் இறங்குவதே இதுதான் முதல் தடவையாம். இத்தனை நாள் எங்களைத் தாங்கியது நீச்சல் இல்லை, உப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மும்தாஜ் படியில் உட்கார்ந்து அழுதாள். "அவருகிட்ட என்னக்கா சொல்லுவேன்? கடைய மூடிட வேண்டியதுதானா?"

மேரிதான் முதலில் எழுந்தாள். "அழுதா ஆச்சா? எறங்கு. நானும் மொதல்லேர்ந்து கத்துக்கறேன்." அன்றிலிருந்து, கல்யாணமாகி வந்து அந்தக் கிணற்றிலேயே நீச்சல் பழகிய தங்கைதான் எங்கள் மூவருக்கும் குரு. மேரிக்கும் ஒரு கயிறு.

மறுநாள் துபாயிலிருந்து போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கத்துக்கிட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லைங்க. இப்பதான் ஒரு கிணத்துல ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள் மும்தாஜ். கொஞ்சம் யோசித்தாள். "ஏங்க, உங்க ரூமும் கடலோரம்தானே? உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அவர் மெதுவாகச் சொன்னாராம்: "தெரியாது... சரி, கடைய நடத்து. லீவுல வர்றப்ப எனக்கும் அந்தக் கிணத்தைக் காட்டு."

நாலாவது கயிறு வாங்கியாயிற்று!