செடியைச் சுற்றி என் கியூப்கள்

என் வழிகாட்டி, நான் படிக்கப் போன மராத்தி ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். நம்மவராயிற்றே, கொஞ்சம் ஈவிரக்கம் இருக்கும் என்று நம்பித்தான் அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட், ஒரு வருடம் தண்ணீரில் ஊறினால் எவ்வளவு பலம் பெறுகிறது என்பதுதான் என் ஆய்வு. நானே கலந்து வார்த்த கியூப்கள், அதாவது கனசதுரக் கான்கிரீட் கட்டிகள், ஆய்வகத் தொட்டியில் கிடந்தன. வருடம் முடிந்ததும் அவற்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி அளவு வந்துவிட்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் தனியாக இருக்கும் கணவரிடம் போய்விடலாம். இரண்டே மாதம்தான் பாக்கி.

அப்போது கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. குழு என்றதும் எங்கள் கல்லூரிக்குச் சாமி வந்துவிடும். மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு, கல்லுக்கெல்லாம் காவி, காலி இடத்திலெல்லாம் செடி. விஷ்ராந்த்வாடியில் நான் வாடகைக்கு இருந்த அறையில் காய்ச்சலோடு சில நாள் கிடந்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். தொட்டி காலியாக, தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது.

என் கியூப்கள் வாசலில் இருந்தன. புதுச் செடிகளைச் சுற்றி, ஒன்று வெள்ளை, ஒன்று காவி என்று வரிசையாகப் பதித்திருந்தார்கள். பூச்சுக்கு அடியில் நான் கீறிய எண்கள் தெரிந்தன.

வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். "சார், கியூபை யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தாம்மா. தொட்டி பாசி புடிச்சு ஒரே கந்தா, அழுக்கு. கமிட்டி பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"தண்ணிய விட்டு எடுத்துட்டா என் ஒரு வருஷ ரீடிங் போச்சே சார்!"

"அரே, ஆறு மாச ரீடிங் இருக்குல்ல? கிராஃப்ல அந்தக் கோட்டை அப்படியே நீட்டி நம்பர் போட்டுக்கோ. யாரு வந்து ஒடைச்சுப் பாக்கப் போறாங்க?"

"அது மாட்டேன் சார்."

"அப்போ மறுபடி வார்த்து ஊறவை. உனக்கென்னம்மா அவசரம்? வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே."

அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

குழு வந்தது. செடிகளைப் பார்த்துச் சொக்கிப்போனது. ஆய்வகக் கழிவை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தும் யோசனை யாருடையது என்று ஒருவர் கேட்டார். வழிகாட்டி சிரித்தபடி என்னைக் கைகாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் ஆய்வுக்கு இதுவரை கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். நானும் கும்பிடு போட்டேன்.

அன்று மாலை கணவருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றேன்.