அவள் குறுக்கே பேசும் இடம்

அறிவியல் வாத்தியார் பாடக்குறிப்பை உட்கார்ந்த உடனே எழுதிவிட மாட்டார். முதலில் மனைவியிடம் சொல்லிப் பார்ப்பார். பாடக்குறிப்பு என்பது வாத்தியார் பேசப்போவது அல்ல, கேட்கிறவர் இடறப்போகும் இடம் என்பது அவர் கட்சி. எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் மனைவி. மாலையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவள் எங்கே குறுக்கே பேசுகிறாளோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார். சக ஆசிரியர்கள் அவளுக்கு ‘வீட்டு இன்ஸ்பெக்டர்’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவளும் லேசில் விடமாட்டாள். தண்ணீர் ஆவியாகும் பாடத்தைப் போன வருஷம் சொன்னபோது மடக்கினாள்: “அடுப்புல வச்சாத்தான் ஆவி வரும்னீங்க. கொடியில காயற துணிக்கு யாரு அடுப்பு மூட்டினது?” மறுநாள் அந்தக் கேள்வியிலிருந்தே வகுப்பைத் தொடங்கினார்.

இந்த வருஷம் அவள் கேள்விகள் சிறுத்துக்கொண்டே வந்தன. நிழல் என்றால் என்ன, காந்தம் என்றால் என்ன என்று ஆரம்பத்துக்கே போனாள். அவர் வாக்கியங்களைச் சுருக்கினார். கடினமான சொற்களை எடுத்தார். சொன்னதையே இன்னொரு தரம் சொன்னார். அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டாக்டரிடம் காட்டச் சொல்லி மகள் தொலைபேசியில் கெஞ்சும்போதெல்லாம் பேச்சை மாற்றினார். குறுக்கே பேசுகிறவரைக்கும் அவள் தன்னோடுதான் இருக்கிறாள் என்பது அவர் கணக்கு.

வகுப்பிலோ கடைசி பெஞ்சுக்கும் பாடம் விளங்கியது. எவரையும் எளிதில் மெச்சாத தலைமையாசிரியை அவருடைய பாடக்குறிப்பை ஆசிரியர் கூட்டத்தில் படித்துக் காட்டி, இவ்வளவு எளிமை எப்படிக் கைவந்தது என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா கண்டிப்பு என்று யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிகள் எதனால் குட்டையாயின என்பது வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை வேண்டுமென்றே பழையபடி, கடினமான சொற்களோடு, எதிரொலிப் பாடத்தை வேகமாகச் சொன்னார். எங்காவது அவள் மடக்கமாட்டாளா என்றிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

“நல்லா சொல்றீங்க சார்,” என்றாள். “எங்க வீட்டுக்காரரும் வாத்தியார்தான். அவரு சொன்னா ஒரு மண்ணும் புரியாது.”

அவர் பேனாவை மூடினார்.

“ஏன், என்ன பண்ணுவாரு?”

“தானா நிறுத்தவே மாட்டாரு. நடுவுல ஏதாவது கேட்டு நான்தான் நிறுத்தணும்.”

மனைவியை இதுவரை நீ என்றே கூப்பிட்டவர், “நீங்க கவலைப்படாதீங்கம்மா,” என்றார். “மெதுவாப் பேசச் சொல்லி நான் அவர்கிட்ட சொல்றேன்.”

“சொல்லிப் பாருங்க,” என்று அவள் அடுத்த துணியை எடுத்தாள். “நான் சொன்னா எங்க கேக்கறாரு.”