மூன்றாவது வயலில் ஒரு காளை

ஃபெஸ்டஸ் கோனீலியிடம் காளை கிடையாது. பதினொரு ஆடுகளும், இனி வேலை செய்வதில்லை என்று தானாகவே முடிவெடுத்துவிட்ட ஒரு கிழட்டுக் கழுதையும்தான் உண்டு. டூனமாரா என்ற அந்தக் கடலோர ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மே மாதம் முதல் வாரம், கடற்பாறைக்குப் போகும் வழியில் இருக்கும் அவன் வயல் கேட்டில் சங்கிலி போட்டு, 'காளை இருக்கிறது, உள்ளே வராதே' என்று சிவப்புப் பெயின்டில் எழுதிய பலகை தொங்கியபோது, ஏது காளை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை. காளை இருக்கிறது என்று ஒரு மனிதன் பெயின்ட் வாங்கி எழுதியிருக்கிறான் என்றால், இருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "காளை எப்படி இருக்கான் ஃபெஸ்டஸ்?" என்று விசாரித்தார்கள்.

"நேத்து கொஞ்சம் முரட்டுத்தனம் பண்ணினான். இப்பப் பரவாயில்ல," என்று அவனும் முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொன்னான்.

இந்தச் சங்கிலியால் வயிற்றில் அடி விழுந்தது டிம்ப்னா ஹெஷனுக்குத்தான்.

டிம்ப்னாவுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் டூனமாராவின் தபால்காரி. முதல் இருபத்துநாலு வருஷம் சைக்கிளில், அப்புறம் பச்சை வேனில். ஊரின் தபால் அலுவலகத்தை மூடியபோது அவளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரேடியோவோடு பேசினாள். ரேடியோ தன் பாட்டுக்குப் பேசியதே தவிர, இவள் சொன்னதற்கு ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. அப்படியே இன்னொரு குளிர்காலம் போயிருந்தால் தனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும் என்று அவளே சொல்வாள். நல்லவேளையாகக் கால்வே நகரத்திலிருந்து ஒரு நடைச் சுற்றுலாக் கம்பெனி வழிகாட்டி தேடி வந்தது. இப்போது ஆறு வருஷமாக, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, செவ்வாயும் சனியும் பன்னிரண்டு பேரை வயல், கல்சுவர், சேறு, காற்று எல்லாவற்றையும் கடக்க வைத்துக் கடற்பாறை உச்சிக்குக் கூட்டிப் போகிறாள்.

அவளுக்கு நடக்கப் பிடிக்கும். பேசுவது அதைவிடப் பிடிக்கும். முதல் வாரமே ஓர் அமெரிக்க அம்மாள், டூஹி குடும்பத்து வயலில் ஒரு பாறையிலிருந்த இரண்டு குழிகளைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். மழைத்தண்ணீர் அரித்த குழி என்று சொல்லத்தான் டிம்ப்னா வாயைத் திறந்தாள். "புனித ஃபின்ட்ராக் மண்டி போட்டு ஜெபம் பண்ணின இடம்," என்று வாய் சொல்லிவிட்டது. அப்படி ஒரு புனிதர் இருந்ததே இல்லை. ஆனால் அந்த அம்மாள் அங்கேயே கண்கலங்கி, குழித்தண்ணீரைத் தொட்டு முட்டியில் தடவிக்கொண்டாள். முட்டிவலி போய்விட்டதாகக் கிறிஸ்துமஸுக்குக் கார்டும் போட்டாள்.

அதன்பின் டிம்ப்னாவைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வயலான கேவிகன் வயலில் ஒரு கடற்கொள்ளைக்காரி தன் வெள்ளிச் சீப்பைப் புதைத்துவிட்டுப் போனாள். வயல்காரர்களுக்கும் இதில் பெருமைதான். டூஹி வீட்டார் அந்தக் குழிகளைச் சுற்றி வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். கேவிகன் கிழவரோ, சீப்புக் கதையைத் தன் பாட்டனாரே சொல்லிக் கேட்டதாக இப்போது சத்தியம் செய்கிறார்.

மூன்றாவதாக வருவது ஃபெஸ்டஸின் சரிவு வயல். அங்கே மட்டும் டிம்ப்னா ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "கழுதை விட்டை கிடக்கும், பார்த்துக் கால் வைங்க." அவ்வளவுதான். அதைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் மறுபடி வாய் திறக்கும்.

இங்கே வயல் வழியாக நடக்க யாருக்கும் உரிமை கிடையாது. சொந்தக்காரன் முகம் சுளிக்காத வரைக்கும்தான் அது வழி. சங்கிலி விழுந்ததும் டிம்ப்னாவின் கூட்டம் தார்ரோட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டரை மைல், மீன் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி. கடல் கண்ணில் படாது, மீன் நாற்றம் மட்டும் கூடவே வரும்.

ஜூன் முதல் திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஃபீக்ரா என்ற இளைஞன் போன் செய்தான்.

"உங்கள அவசரப்படுத்தல டிம்ப்னா," என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் கழுத்தில் கத்தி என்று அர்த்தம். "மூணு குரூப் எழுதிட்டாங்க, நாங்க கடலப் பாக்க வந்தோம், லாரியப் பாக்க இல்லன்னு. வர்ற சனிக்கிழமையும் ரோடுதான்னா, டூனமாராவ லிஸ்ட்லேர்ந்து எடுத்துற வேண்டியதுதான்."

டிம்ப்னா போனை வைத்துவிட்டு ரேடியோவைப் பார்த்தாள். 

ஏனப்பா கேட்டைப் பூட்டினாய் என்று நேரே போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். டூனமாராவில் அப்படிக் கேட்டால், கேட்டவளைப் பற்றித்தான் பத்து வருஷம் பேசுவார்கள். எனவே டிம்ப்னா செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சாயங்காலம் ஃபெஸ்டஸ் வீட்டுக்குச் சும்மா போனாள். மூன்று நாளும் டீயை மூன்று தடவை வேண்டாம் என்றாள், நாலாவது தடவை வாங்கிக்கொண்டாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அப்போதும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"மழை வரும்போல இருக்கு," என்றாள் டிம்ப்னா.

"வரும்."

"நேத்து வரலியே."

"நேத்து வரல."

டிம்ப்னா பழக்கேக்கில் இன்னொரு துண்டு எடுத்தாள்.

"காளை தீனி எடுக்குறானா?"

"அதெல்லாம் எடுக்குறான். மனுஷங்களக் கண்டாத்தான் ஆகல."

"எல்லாரையுமா?"

"கூட்டமா நடக்குறவங்கள."

"பழகினா சரியாயிருவானோ?"

ஃபெஸ்டஸ் ஜன்னல் வழியாகக் கழுதையை ரொம்ப நேரம் பார்த்தான். "மனசுல என்னமோ வச்சிருக்கான். வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறான்."

வியாழக்கிழமை அதற்கு மேல் பொறுக்க முடியாமல் டிம்ப்னா அட்ராக்டாவின் கடைக்குப் போனாள். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மது, மாடியில் வாடகை அறை. ஊரில் எந்த விஷயமும் இந்த மூன்றில் ஒன்றைக் கடந்துதான் போக முடியும். டிம்ப்னா ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றாள்.

"அடியே, உனக்கு நெஜமாவே தெரியாதா?" என்றாள் அட்ராக்டா கடைசியில். "நான் ஒண்ணும் சொல்லல. சொல்ற ஆளும் நான் இல்ல. ஆனா எங்க மாடியில இருக்காரே உல்ரிஷ், அவரு ஏப்ரல் கடைசியில தொப்பியத் தொலச்சுட்டு ஃபெஸ்டஸ் வயலுக்குத் தேடிட்டுப் போனாரு."

உல்ரிஷ் ஜெர்மன்காரர். வேலையில் இருந்தபோது நிலம் அளந்தவர். ஒரு வாரத்துக்கென்று வந்து இரண்டு மாதமாக மாடியறையில் தங்கியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டிம்ப்னாவின் கூட்டத்தோடு நடந்து, அவள் சொல்வதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். புனித ஃபின்ட்ராக் போன வாரம் மூன்று நாள் மண்டியிட்டார், இந்த வாரம் ஏழு நாளா என்று கேட்டு அவளைத் திணறடித்தவர்.

"ஃபெஸ்டஸ் தொப்பியத் தேடி எடுத்துக் குடுத்துட்டு, எங்க வயலப் பத்தி டிம்ப்னா என்ன சொல்றான்னு கேட்டிருக்கான். இந்த மனுஷன் நோட்டத் தொறந்து காட்டிட்டாரு. ஒண்ணாவது வயல், புனிதர், ஒரு பக்கம். ரெண்டாவது வயல், கொள்ளைக்காரி, ஒன்றரைப் பக்கம். மூணாவது வயல், விட்டை."

டிம்ப்னா ரொட்டியைக் கவுன்டரில் வைத்தாள்.

"அவன் ஒண்ணும் சொல்லலியாம்," என்றாள் அட்ராக்டா. "நோட்டத் திருப்பிக் குடுத்துட்டு, எங்கிட்ட வந்து செவப்புப் பெயின்ட் வாங்கிட்டுப் போனான்."

வெள்ளிக்கிழமை பகல் முழுதும் டிம்ப்னா மாவு பிசைந்துகொண்டே ஃபெஸ்டஸ் வயலுக்கு ஒரு கதை தேடினாள். அரக்கன் ஒருவன் செருப்பைத் தொலைத்ததாகச் சொல்லிப் பார்த்தாள். கடல்கன்னி ஏறி வந்து ஆடு மேய்த்ததாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. மற்ற வயல்களில் காலை வைத்ததும் தானாக வரும் பொய், அந்தச் சரிவை நினைத்தால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கே நிஜமாகவே ஒன்று நடந்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, சம்பந்தப்பட்டவனிடம்கூட. மாவு கல்லாகப் போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பன்னிரண்டு பேரையும் தார்ரோட்டில் திருப்பாமல், சங்கிலி போட்ட கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். கல்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி தெரிந்தது. ஒரு குறையும் இல்லாத சுவரிலிருந்து ஃபெஸ்டஸ் ஒரு கல்லை எடுப்பதும் திரும்ப அதே இடத்தில் வைப்பதுமாக இருந்தான்.

டிம்ப்னா கைகளைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டாள்.

"இந்த வயல்ல புனிதர் யாரும் மண்டி போடல," என்று ஆரம்பித்தாள். "கொள்ளைக்காரியும் வரல. நான்தான் வந்தேன். இருபத்திநாலு வருஷம், தபால் பையோட, சைக்கிள்ல. பாறையோரம் ரெண்டு வீடு இருக்கு, இந்த வயல் வழியாத்தான் போகணும். முதல் வருஷம் டிசம்பர்ல இந்தச் சரிவு கண்ணாடியா உறைஞ்சு கெடந்துச்சு. விழுந்தேன். கிறிஸ்துமஸ் கார்டெல்லாம் பள்ளத்துல. என் பல்லு ஒண்ணு இந்தா, இந்தக் கல்லுலதான் போச்சு."

சுவருக்கு அப்பால் கல் எடுக்கும் சத்தம் நின்றது.

"மறுநாள் வந்து பாத்தா, சரிவு நெடுக சாம்பல் தூவிக் கெடந்துச்சு. அதுக்கப்புறம் உறைபனி விழுந்த ஒரு நாள்கூடத் தவறினதில்ல. நான் ஏழு மணிக்கு வருவேன், அதுக்கு முன்னாடியே தூவியிருக்கும். யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவகூட நன்றி சொன்னதில்ல. சொன்னா அவன் வெக்கத்துல ஊரவிட்டே போயிருவான்னு நெனச்சேன். நானும் போயிருப்பேன். இந்த வயலுக்கு வந்தா எனக்குக் கதை விட வாய் வராது. அதான் விட்டையப் பத்திப் பேசிட்டுப் போயிருவேன்."

அந்த ஆறு வருஷத்தில் அவள் கூட்டத்துக்கு முன்னால் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை.  

"சாம்பல் இல்ல," என்றது சுவர்.

தொப்பி மேலே எழும்ப, அதன் கீழே ஃபெஸ்டஸ் முழுதாக வந்தான். முகம் பெயின்டைவிடச் சிவந்திருந்தது.

"மணல். கடற்கரை மணல். சாம்பல் ஈரமானா இன்னும் வழுக்கும். இதுகூடத் தெரியாமலா இருபத்திநாலு வருஷம் சைக்கிள் ஓட்டின?"

"எனக்குச் சாம்பலாத்தான் தெரிஞ்சுது."

"இருட்டுல எல்லாம் சாம்பலாத்தான் தெரியும்."

உல்ரிஷ் நோட்டில் சாம்பலை அடித்துவிட்டு மணல் என்று எழுதினார். "கடற்கரை எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"முக்கால் மைல்."

"எதுல கொண்டு வந்தீங்க?"

ஃபெஸ்டஸ் வயலின் மூலையில் நின்ற கழுதையைக் கைகாட்டினான். பன்னிரண்டு பேரும் திரும்பி, அது ஓய்வெடுப்பதில் நியாயம் உண்டு என்பதுபோலப் பார்த்தார்கள். ஃபெஸ்டஸ் பையில் துழாவிச் சாவியை எடுத்தான். சங்கிலியைக் கழற்றினான். பலகையையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"காளை?" என்று கேட்டாள் கூட்டத்தில் ஓர் அம்மாள், பயந்தபடியே.

"இன்னைக்குக் காலையிலதான் வித்தேன்."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உல்ரிஷ் மட்டும் கேட்டருகே நின்று, டூனமாராவில் பிறந்த எவரும் கேட்டிருக்கவே மாட்டாத கேள்வியைக் கேட்டார்.

"ஏன் தூவினீங்க?"

டிம்ப்னா பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தாள். அது நன்றாகவே கட்டியிருந்தது.

"தபால் நேரத்துக்கு வரணும்ல," என்றான் ஃபெஸ்டஸ்.

"உங்களுக்கு நிறைய கடிதம் வருமோ?"

ஃபெஸ்டஸ் கடலைப் பார்த்தான். டிம்ப்னா நிமிரவில்லை. அந்த வீட்டுக்கு என்னென்ன வந்தது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். மின்சார பில், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடுகளை எண்ணச் சொல்லி அரசாங்கக் காகிதம். முப்பது வருஷத்தில் கையால் எழுதிய உறை ஒன்றுகூட அவள் அந்த வாசலில் கொடுத்ததில்லை.

"ஒண்ணும் வராது," என்றான் ஃபெஸ்டஸ்.

உல்ரிஷ் அதையும் எழுதிக்கொள்ளப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் நடந்தார்.

டிம்ப்னா கடைசி ஆளாக உள்ளே வந்தாள். ஃபெஸ்டஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகமும் இல்லை, சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சரிவில் நாலடி ஏறியிருப்பாள்.

"டிம்ப்னா," என்றான் பின்னாலிருந்து. "விட்டை கெடக்கும். பாத்துக் கால் வை."