தரை காயும்வரை

என் தம்பிக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. கூரை ஓடு மாற்ற ஏறி விழுந்து முள்ளந்தண்டு முறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் தரைதான் அவனுக்கு உலகம். சக்கரக் கதிரை எங்கள் கீரிக் கடற்கரை மணலில் புதைந்துவிடும். கைகளை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்து வாசலுக்கு வருவான். அங்கே இருந்து கடலைப் பார்த்தபடி ஊராரின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பான். பழைய தரை உடைந்து கரடுமுரடாகி அவன் தொடைகளைக் கிழித்தது. அதனால்தான் புதுக் கொங்கிறீற் போட்டோம். மேலே ஒட்டுவதற்கு வழுவழுப்பான விரிப்பு ஒரு சுருள் வாங்கி மூலையில் சாத்தி வைத்தேன். வெறும் கொங்கிறீற்றும் தோலைத் தேய்த்துவிடும் என்று, தரை காயும்வரை அவன் கட்டிலில் கிடக்கட்டும் என்றேன்.

அந்தச் சனியன் பிடித்த தரை காயவேயில்லை. தரை போட்ட மேசன் ஒரு சோதனை சொல்லித் தந்தார். பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, அடுத்த நாள் காலையில் பார்க்க வேண்டும். தினமும் பார்த்தேன். சோற்றுப்பானை மூடியைப் போல உள்ளே துளித்துளியாய் நீர்.

"சோளகக் காத்து இந்த அடி அடிக்குது. பிறகும் ஏன் மேசனண்ணை காயேல்லை?"

"கிணத்து உப்புத் தண்ணியிலதானே பிள்ளை குழைச்சு, இறுகிறதுக்கு அதையே மேல தேக்கியும் விட்டனாங்கள். உப்பு உள்ளுக்க இறங்கிட்டுது. காத்தில இருக்கிற ஈரத்தையும் அது இழுக்கும்."

குடிக்கவே தண்ணீர் பவுசர் வண்டியை எதிர்பார்த்து நிற்கிற ஊரில், நல்ல தண்ணீரை யார் தரைக்கு ஊற்றுவார்கள்?

"இப்ப ஒட்டினா என்ன?"

"பசை விட்டிடும். விரிப்பு பொங்கிப் பொங்கி எழும்பும்."

பொங்கிய மேட்டில் உரசினால் தம்பியின் தோல் உரியும். உரிவது அவனுக்குத் தெரியாது. இன்னொரு புண் பழுத்தால் ஆளைக் காப்பாற்றேலாது என்று புண்ணுக்கு மருந்து கட்ட வருகிற ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தா.

நாள் முழுக்க ஃபானைப் போட்டேன். கதவு ஜன்னலைத் திறந்து வைத்தேன். தரையைத் திட்டினேன், உப்பைத் திட்டினேன், கடலையும் விடவில்லை. வலை கொண்டு வருகிறவர்கள் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். தம்பி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பாட்டுக் கோப்பை பாதியோடு திரும்பி வந்தது.

"அக்கா, காய்ஞ்சிட்டுதோ?"

"வாயை மூடடா. நானே விசரில நிக்கிறன்."

ஒரு நாள் விடியப் பூசைக்குப் போய், இந்தத் தரைக்காக அந்தோனியாரிடம் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பொலித்தீனில் ஒரு துளி இல்லை! "அந்தோனியாரே, கண் திறந்திட்டீர்!" என்று கத்திக்கொண்டு பசை வாளியைத் தூக்கினேன்.

டேப்பை இழுத்தபோது அது இலேசாகக் கழன்று வந்தது. ஒட்டும் பக்கம் முழுக்க மண். யாரோ உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கட்டிலுக்குப் போய்த் தலையணையைத் தூக்கினேன். அவனுடைய துவாய் ஈரமாக, சிமெந்தும் இரத்தமும் பட்டுக் கிடந்தது. போர்வையை விலக்கினேன். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை.

"மாதாவே! என்னடா செய்தனி?"

"இறங்கித் துடைச்சுப்போட்டு ஏறினன்."

"இடுப்பு கிழிஞ்சு கிடக்குதடா, தெரியேல்லையோ?"

"எனக்கு என்னண்டு தெரியும்?"

"ஈரத்தில ஒட்டினா பொங்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே!"

"தெரியும். பொங்கிறதுக்குள்ள கொஞ்ச நாளெண்டாலும் வாசலுக்குப் போயிருப்பன்."

வாளியைச் சுவரோடு எறிந்தேன். பிறகு அவன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

மிஸ்ஸி மருந்து கட்டி, குப்புறப் படுக்க வைத்துவிட்டுப் போனா. அவன் கண்ணெதிரே புதுப் பொலித்தீனை நான் ஒட்டினேன். மறுநாள் காலையில் குனிந்தபோது பழையபடி துளிகள். கொஞ்சமும் குறையவில்லை. அவன் தலையைத் தூக்கிப் பார்க்க முதல் அதைக் கிழித்துச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்ன மாதிரி, அக்கா?"

"குறைஞ்சிட்டுதடா. நல்லாக் குறைஞ்சிட்டுது."

அவன் என் கையைப் பார்த்தான். விரலிடுக்கால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஓம்," என்றான். "நாளைக்கும் பார்ப்பம்."