சாந்தகுமாரியின் ஆம்ப்பில் விழுந்த ஓட்டை

ஜீவனஹள்ளியில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற சாந்தகுமாரிக்குச் சந்தேகம்தான் மூன்று வேளைச் சாப்பாடு. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் ஏற்றாமல் விடமாட்டாள். ராஜ்யோத்சவ விழா மேடைக்குப் போன ஒயர் திரும்பி வந்தால் முழம் போட்டுப் பார்ப்பாள். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். அவளைக் குறை சொல்லவும் மனசு வராது. புருஷன் போன பிறகு ஒண்டியாக இந்தத் தொழிலை இழுத்துக்கொண்டு வந்தவள். நம்பிக் கொடுத்த மைக்குகளில் பாதி வீடு திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மகள் அனுஷா, கட்டினால் க்ளெனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். க்ளென் லிங்கராஜபுரத்துப் பையன். பகலில் கூரியர் ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் பாஸ் கிட்டார். சர்ச் பாட்டுக் குழுவின் பயிற்சிக்குச் சாந்தகுமாரியின் பாஸ் ஆம்ப்பைத்தான், அந்தக் கனத்த ஸ்பீக்கர் பெட்டியை, வாடகைக்குத் தூக்கிக்கொண்டு போவான். சாமி வேறு என்பதை அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் எப்படி என்பதுதான் அவளுக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமை க்ளெனின் அம்மா பிரபா பெண் கேட்டு வருவதாக இருந்தது. சாந்தகுமாரி அரைமனசாகத் தலையாட்டி வைத்திருந்தாள்.

அந்த வாரம் பயிற்சி முடிந்து ஆம்ப் திரும்பி வந்தது. ஸ்பீக்கரை மூடியிருந்த முன்பக்க இரும்பு வலையில், இடது ஓரம், கை முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இன்னாடா இது?"

"நான் ஒடைக்கல ஆன்ட்டி. எறக்கி வெக்கும்போது லேசா கை பட்டுச்சு, பொலபொலன்னு உதிந்துடுச்சு. பரவால்ல, நானே புது கிரில் மாட்டிக் குடுத்துர்றேன்."

உடைத்தேன் என்று சொல்லியிருந்தால்கூட இரண்டு திட்டோடு விட்டிருப்பாள். உடைக்காதவன் எதற்கு மாட்டித் தருகிறேன் என்கிறான்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக அல்லவா இருக்கிறது! இரும்பு, கை பட்டு உதிருமா? பூட்ஸ் காலால் உதைத்திருப்பான். இன்றைக்கு இதில் பொய் சொல்கிறவன் நாளைக்கு என் பெண்ணிடம் எதைத்தான் மறைக்கமாட்டான்? மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிரபாவுக்குப் போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க வரத் தேவையில்ல. பொருள ஒடச்சிட்டு பொய் சொல்ற பையனுக்கு எங்க வீட்ல பொண்ணு இல்ல."

அனுஷா அழுதாள், சாப்பாட்டைத் தள்ளினாள். சாந்தகுமாரி அசையவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் க்ளென் நின்றான். கையில் அளவாக வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்த புது இரும்பு வலை. இவனுக்கு இன்னும் என்ன தைரியம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்காய் பிடிக்க வந்திருக்கிறான். அல்லது பழைய வலையைத் தடயமில்லாமல் எடுத்துப் போக வந்திருக்கிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் கைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி ஓரமாக வைத்தான். வலை கழன்றதுமே அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உதை பட்டிருந்தால் கம்பி உள்பக்கம் வளைந்திருக்க வேண்டும். ஒரு கம்பிகூட வளையவில்லை. ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள், அப்பளம்போல நொறுங்கியது. வலையில் மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ஓரம் மட்டும் செக்கச்செவேலென்று துரு. துருவோடு துருவாக மஞ்சள் நூல் ஒன்று முடிச்சோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் காய்ந்த எலுமிச்சை விதை.

முடிச்சு அவள் போட்டது. வாடகைக்குப் போகிற இடத்தில் யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து அதே மூலையில் அவள்தான் கட்டினாள். பழம் அழுகி, புளித்த சாறு வருஷக்கணக்காக அந்த ஒரு மூலையில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"துருவப் பாத்ததுமே தெரியும் ஆன்ட்டி."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க சாமிக்குன்னு கட்டுனது. சர்ச்ல கூட ரெண்டு பேரு அவுத்துடுன்னாங்க, நான் உடல. அதனாலதான் கெட்டுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

இதிலும் ஏதாவது சூது இருக்குமா என்று அவள் மனசு பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுத் தேடிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

அவன் புது வலையைப் பொருத்தி, கடைசி ஸ்க்ரூவையும் முறுக்கினான். ஆம்ப்பைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

"நாளைக்கு அம்மாவ..." என்று ஆரம்பித்தாள்.

"வரமாட்டாங்க ஆன்ட்டி. இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்னுட்டாங்க. எம்புள்ள பொய் சொல்லமாட்டான்னு ரெண்டு நாளா அழுவுறாங்க. மாட்டித் தரேன்னு சொன்னேன் இல்ல, அதுக்குத்தான் வந்தேன்."

அவன் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். சாந்தகுமாரி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடி வந்தாள். மார்போடு அந்தத் துருப்பிடித்த வலை.

"நில்லுடா. என்னையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "இத உங்கம்மா கண்ணால பாக்கணும். யார் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன்."