பனி விழாத மலையைத் தேடியவர்

மர்செய் நகரத்தின் குறுகலான மேட்டுத் தெருக்களில் பதினெட்டு மீட்டர் நீளப் பேருந்தை, இருபுறமும் நிற்கும் கார்களின் கண்ணாடிகூட உரசாமல் ஓட்டிச் செல்பவர் ரெமி கஸ்தினேல். குடிகாரர்களுக்கும் கால்பந்து ரசிகர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் அவர் பயந்ததே இல்லை. அவரை நடுங்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். பனி.

நவம்பர் பிறந்தால் போதும், மனிதர் பாதியாக இளைத்துவிடுவார். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண், ஆல்ப்ஸ் மலையின் தென்பகுதியை வெள்ளையாகக் காட்டினால் சூப் தொண்டையில் இறங்காது. அதே பெண் அதே இடத்தைப் பச்சையாகக் காட்டினால், இன்னொரு தட்டு கேட்டு வாங்கிக் குடிப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொய். காதல் மயக்கத்தில் சொன்ன சின்னப் பொய்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, ஒரு நண்பனின் கல்யாண விருந்தில் ரெமி ஒடீலோடு நடனம் ஆடினார். அவள் மலைக்காரி. பனிச்சறுக்கு மலையில் தொங்கு நாற்காலிகளைப் பழுது பார்த்த மெக்கானிக்கின் மகள். மூன்று வயதிலேயே சறுக்குப் பலகையில் ஏறியவள். தகப்பனை முந்தின வருடம்தான் பறிகொடுத்திருந்தாள். பாட்டு நின்றதும் மூச்சு வாங்கக் கேட்டாள்:

"உனக்குச் சறுக்கத் தெரியுமா?"

அதுவரை ரெமி பனியைக் கண்டது குளிர்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான். ஆனால் எதிரே நின்ற அந்தக் கண்களைப் பார்த்து "தெரியாது" என்று சொல்ல எந்த ஆண்மகனுக்கு மனம் வரும்?

"கறுப்புச் சரிவு தவிர வேற எதுலயும் நான் இறங்கறதில்ல" என்றார்.

கறுப்பு என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய சரிவு. ஒடீலின் கண்கள் நிறைந்துவிட்டன. "எங்கப்பாவும் அப்படித்தான். நானும் அவரும் தோளோடு தோள் உரசற மாதிரி இறங்குவோம். ஒருநாள் உன்னோட அப்படி இறங்கணும்" என்றாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் முடிந்தது.

முதல் குளிர்காலத்தில் ரெமிக்கு முழங்கால் வலித்தது. இரண்டாவதில் ஒடீல் முழுகாமல் இருந்தாள். மூன்றாவதில் எந்தச் சாக்கும் கைவசம் இல்லாமல் தவித்தபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது: சறுக்கக் கூடாதென்றால் சறுக்கப் பனி இருக்கக் கூடாது. பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு எந்த மலையூருக்குப் போவதென்று முடிவு செய்யும் பொறுப்பை அன்றே வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எதுக்கு இந்த அலைச்சல், கண்ணு? நான் பார்த்துக்கறேன்."

மனைவி மேல் எவ்வளவு அன்பு என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ரெமி பனி ஆராய்ச்சியில் இறங்கினார். தென்மலைகளில் எந்த ஊர் தாழ்வு, எந்தச் சரிவு தெற்கு பார்த்தது, எங்கே எந்த வருடம் எத்தனை அங்குலம் பனி விழவில்லை என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்தார். நல்ல பனி தேடி மற்றவர்கள் படும் பாட்டைவிட இரு மடங்கு பாடுபட்டு, பனி இல்லாத ஊர்களைச் சலித்து எடுத்தார். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒயினில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு முடித்ததும், குடும்பம் மொத்தமும் சீட்டில் எழுதி சாலட் கிண்ணத்தில் ஓட்டுப் போடும். நிற்பவை மூன்று ஊர்கள். மூன்றையும் நிறுத்துபவர் ரெமி. எது ஜெயித்தாலும் தோற்பது பனிதான். இதைவிட நியாயமான தேர்தல் உலகத்தில் நடந்ததில்லை.

இப்படியாக ஒடீல் தன் வாழ்வின் அருமையான பிப்ரவரிகளைச் சேற்றில் கழித்தாள். மோன்-சேரென் ஊரில் ஏழு நாளும் மழை. லெ பூயஸில் பதினேழு டிகிரி வெயில். நின்றுபோன தொங்கு நாற்காலிகளின் கீழே டெய்சிப் பூ பூத்திருந்தது. எங்கே போனாலும் அவள் தன் பலகைகளுக்கு மெழுகு தேய்த்து வாசலில் சாய்த்து வைப்பாள். பிறகு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து வானத்தைப் பார்ப்பாள். அவள் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கலைத்துக்கொண்டிருப்பார் அந்தப் பாவி மனிதர். நெஞ்சு குத்தாமலா இருந்திருக்கும்? குத்தியது. ஆனால் முழங்கால் உடைவதைவிட நெஞ்சு குத்துவது பரவாயில்லை என்று சமாதானம் செய்துகொண்டார்.

இந்த வருடம்தான் வம்பு வந்தது. வந்த வழி, சகலை பத்ரீஸ். ஒடீலின் தங்கை ஜிலேனைக் கட்டியவர். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். உலகத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நம்பிக்கையில் வாழ்பவர். சாலட் கிண்ணம் மேசைக்கு வந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் நாலாவதா ஒரு ஊரு சொல்றேன். மூவாயிரத்து இருநூறு மீட்டர் உசரம். பனிக்குக் குறைச்சலே இல்ல."

ரெமியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "மூவாயிரத்து இருநூறா? மூச்சுத் திணறும், சகலை. உன் வயசுக்கு ஆகாது."

"என் வயசுக்கா? உன்னைவிட ரெண்டு வயசு சின்னவன்யா நான்! கறுப்புச் சரிவு வீரன் நீ, உசரத்தப் பார்த்துப் பயப்படலாமா?"

"அப்பா பயப்படறதா!" என்று சிரித்தாள் மகள் கோராலி. "நல்ல கதை. சரிவுல ஓநாய் குறுக்க வந்தப்ப ஒத்தக் கால்ல திரும்பினவராச்சே."

ரெமி தன் மூன்று ஊர்களில் பியேர்-க்ராஸ் என்பதைத் தாங்கிப் பேசினார். இத்தாலி எல்லையை ஒட்டிய சின்ன ஊர். மேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம் வழியிலுள்ள மலைகளில் பனியைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் அங்கே வந்து சேரும். அதை நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்திருந்தார். வெளியே சொன்னது வேறு: நல்ல வெயில், நல்ல காற்று, மலைக்கு அந்தப் பக்கம் போனால் இத்தாலிய மதியச் சாப்பாடு.

சீட்டுகளைப் பிரித்தார்கள். பத்ரீஸும் கோராலியும் உயரத்துக்கு. ரெமியும், மொட்டை மாடி வெயிலில் படுப்பதற்கென்றே மலைக்கு வரும் ஜிலேனும் பியேர்-க்ராஸுக்கு. ஒடீல் இன்னும் எழுதவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பிப்ரவரியில எனக்கு ஐம்பது ஆகுது" என்றாள் அவள் மெதுவாக. "உன்னோட ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்துடணும், ரெமி. அப்புறம் எனக்கும் முழங்கால் வலி வந்துடும்."

ரெமிக்கு அந்த நிமிடமே எல்லாவற்றையும் கொட்டிவிடலாமென்று நாக்கு நுனிவரை வந்தது. எதிரே பத்ரீஸின் மூக்குக் கண்ணாடி பளபளத்தது. விழுங்கிக்கொண்டார்.

ஒடீல் எதையோ யோசித்தாள். பிறகு சீட்டில் எழுதிப் போட்டாள். பியேர்-க்ராஸ்.

அன்றிரவு ரெமி குழந்தைபோலத் தூங்கினார்.

பிப்ரவரியில் போய் இறங்கியபோது பியேர்-க்ராஸ் அவர் நம்பிக்கையைக் காப்பாற்றியது. எங்கு பார்த்தாலும் காய்ந்த புல். பத்ரீஸ் புதுச் சறுக்கு உடையோடு சேற்றில் நின்று, "அருமையான ஊரு, சகலை. அடுத்த தடவை ஆடு வாங்கிட்டு வர்றேன், மேய்க்கலாம்" என்றார். ரெமி அந்தக் கிண்டலைத் தேன்போலப் பருகினார்.

மூன்றாம் நாள் காற்று திசை மாறியது. சாயங்காலம் எல்லையைத் தாண்டி, கறுத்த மேகம் ஒன்று மலை முகட்டிலிருந்து பால் பொங்குவதுபோல இறங்கியது. விடிந்து ரெமி ஜன்னல் கதவைத் தள்ளினால் அது திறக்கவில்லை. வெளியே கார்கள் இல்லை. கார் அளவுக்கு வெள்ளை மேடுகள் இருந்தன.

ஒடீல் இரவு உடையோடு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"காத்து கிழக்குலருந்து திரும்பிடுச்சு, ரெமி! எங்கப்பா சொல்வாரே! மேற்குப் பனி இந்த ஓரத்துக்கு எட்டாது. ஆனா இத்தாலிக் கடல்ல மேகம் உக்காந்து பின்பக்கமா திரும்பிச்சுன்னா, மத்த ஊரெல்லாம் புல்லா கிடக்கும், இங்க மட்டும் வாசக்கதவு தெரியாது! அந்த ஒரு நம்பிக்கையிலதான் உன் ஊருக்கு ஓட்டுப் போட்டேன்!"

இருபது வருடத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி. நோட்டு நிறையக் கணக்கு. அதில் கிழக்கு என்ற திசையே இல்லை! மலைக்காரர்களுக்குப் பாலோடு புகட்டப்பட்ட விஷயம் மர்செய்க்காரருக்கு எப்படித் தெரியும்? ரெமி மனைவியின் தோளில் முகம் புதைத்து அழுதார். அவள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் பாதை அடைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை வானம் நீலமாகத் திறந்து, தொங்கு நாற்காலி ஓடத் தொடங்கிவிட்டது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, ரெமி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் கேளுங்க. எனக்குச் சறுக்கத் தெரியாது. என் வாழ்நாள்ல சறுக்கினதே இல்ல."

மேசையே சிரிப்பில் குலுங்கியது. கோராலி ரொட்டி புரையேறிச் சிரித்தாள். ஜிலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடக்கம், அடக்கம்!" என்று கை தட்டினார் பத்ரீஸ். "மேல போனதும் என்னை அவமானப்படுத்தறதுக்கு இப்பவே அடி போடறான் பாருங்க!"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"ஓநாய் கதைகூடப் பொய்யாப்பா?"

"பொய்தான்மா."

"அதை மட்டும் நம்ப மாட்டேன். அதோட மூச்சு வாடையெல்லாம் சொன்னியே!"

பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தார் மனிதர். உண்மைக்கு அந்த வீட்டில் இடமே மிச்சமில்லை. ஒடீல் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ரொம்ப வருஷமாச்சுன்னு பயமா இருக்கு, அவ்வளவுதான். உடம்பு மறக்காது. வா."

கல்யாணத்துக்கு முன்பு வேஷத்துக்கென்று வாங்கிய சறுக்குக் காலணிகள் பெட்டியில் வந்திருந்தன. அவற்றை மாட்டி, வாடகைப் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூக்குமேடை ஏறுபவர்போல ரெமி தொங்கு நாற்காலியில் ஏறினார். மேலே இறங்கி நாலு அடி வைத்திருப்பார். 'படக்'கென்று ஒரு சத்தம். வலது காலணி முட்டை ஓடுபோல இரண்டாகப் பிளந்து, கம்பளிக் காலுறை பனியில் நின்றது. போடாமலே வைத்திருந்தால் பிளாஸ்டிக் உளுத்துத்தானே போகும்!

கடவுள் கருணையுள்ளவர். இதைவிட கௌரவமான சாக்கு எந்த மனிதனுக்குக் கிடைக்கும்? ரெமியின் முகத்தில் ரத்தம் திரும்ப ஓடியது.

ஒடீல் குனிந்து, உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் தடவினாள். "பாவம், எத்தனை மலை பார்த்த காலணியோ. பரவாயில்ல ரெமி. இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன், நாளைக்கு வரைக்கும் இருக்க மாட்டேனா? கீழ போய் வேற வாடகைக்கு எடுப்போம்."

அந்தக் குரல்! அடியும் திட்டும் உடைக்காததை அந்தக் குரல் உடைத்துவிட்டது.

"அதைத் திருப்பி அடிப்பக்கம் பாரு, ஒடீல்."

அவள் திருப்பினாள்.

"ஒரு கீறல் இருக்கா? இன்னிக்கு வரைக்கும் அது பனிய மிதிச்சதில்ல. காலைல சொன்னது நிஜம்."

அவள் அந்த வழவழப்பான அடிப்பாகத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்போ மோன்-சேரென்?"

"ஆமா."

"ஏழு நாள் மழை?"

"மழை பெய்யற ஊரான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"லெ பூயஸ்? டெய்சிப் பூ?"

ரெமி தலையாட்டினார்.

"மடையா" என்றாள் ஒடீல். சத்தம் போடவில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. "சறுக்கத் தெரியலன்னா என்ன இப்போ? ஒரே வாரத்துல நானே கத்துக் குடுத்திருப்பேன். நீ விழுவே, நான் சிரிப்பேன், தூக்கி விடுவேன். அவ்வளவுதானே? அதுக்குப் போயி என் பனி அத்தனையும் திருடிட்டியே, ரெமி."

உடைந்த துண்டை அவர் கையில் திணித்துவிட்டு அவள் திரும்பினாள். கைக்கோல்களை ஊன்றி, சரிவின் விளிம்பைத் தாண்டினாள்.

அப்போதுதான் ரெமி ஒன்றை உணர்ந்தார். தன் மனைவி சறுக்கி அவர் பார்த்ததே இல்லை! மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒடீல் எங்கே, வெள்ளைத் துணியில் ஊசி நூல் கோத்ததுபோல இழைந்து இழைந்து இறங்கும் இந்தப் பெண் எங்கே! சுழன்ற இடமெல்லாம் பனித்தூள் எழுந்து வெயிலில் மின்னியது. காலுறையோடு பனியில் நின்ற மனிதருக்குக் கால் விறைத்தது தெரியவில்லை.

காலணி உடைந்தவரை நாற்காலியிலேயே கீழே இறக்கி அனுப்புவதாகச் சொன்னார் மேலே இயந்திரம் பார்ப்பவர். அவர் கருணை மிகுந்தவர்தான். ஆனால் நாற்காலியில் கீழே இறங்குவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று மலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எதிரே ஊரே ஏறி வரும். ஒவ்வொருவராக முகத்துக்கு நேரே கடந்து போவார்கள்.

"காலை வணக்கம், ஐயா. கீழ போறீங்களா?"

"ஆமா."

"மேல பனி நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

அடுத்த நாற்காலியில் மகளும் சகலையும். பத்ரீஸ் கத்தினார்: "யோவ் சகலை! தப்பான பஸ்ல ஏறிட்டே!"

"இல்ல பத்ரீஸ், எனக்கு நிஜமாவே தெரியாது!"

பத்ரீஸின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. "ஓநாயும் பொய்யா!" என்று கோராலி அலறியது மலையில் எதிரொலித்தது.

பாதி வழியில் எதிரே ஒற்றையாக ஒரு நாற்காலி வந்தது. ஒடீல். அவர் பாதி இறங்குவதற்குள் அவள் முழுக்க இறங்கி, மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, முடியெல்லாம் பனி ஒட்டி, இருபத்து நாலு வயதுக்காரிபோல இருந்தாள். அவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டே வந்து, நேர் எதிரே வந்ததும் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் மூவாயிரத்து இருநூறு மீட்டர்! ஊரை நான் எடுத்தாச்சு, ஓட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது!"

"நானும் வரலாமா, ஒடீல்?"

நாற்காலிகள் விலகத் தொடங்கின. அவள் உடலை வளைத்துப் பின்னால் திரும்பிக் கத்தினாள்:

"கத்துக்கிட்டா வா! இல்லன்னா வீட்ல இருந்து சூப் குடி!"

கீழே இறங்கிய ரெமி, ஒரு காலில் காலணியும் மறுகாலில் ஈரக் காலுறையுமாக நொண்டிக்கொண்டே பயிற்சிப் பள்ளியின் மரக் குடிசைக்குப் போனார். பலகையில் ஒன்பது மணி ஆரம்ப வகுப்பு என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பனிமனிதன் படம் போட்டிருந்தது. உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல் படிவத்தை இழுத்தாள்.

"பிள்ளை பேரு?"

"ரெமி."

"வயசு?"

"ஐம்பத்திரண்டு" என்றார் ரெமி.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். "மூக்கு ஒழுகும், கைக்குட்டை குடுத்து அனுப்புங்க" என்றாள்.