குழந்தை தூங்குகிறாள்

அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பகுதியில், அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். உண்மையில் அவள் வேலையில் ஒருநாளும் தூங்கியதில்லை. துணி தேய்க்கும் நீராவி உருளையிலிருந்து விரிப்புகள் வெள்ளை வெள்ளையாக வழிந்து வரும்போது, இரண்டு முனைகளைப் பிடித்தபடி கண் திறந்தே எங்கோ போய்விடுவாள். எதிர்முனையைப் பிடித்திருக்கும் மடிப்பு மேசை அக்கா விரிப்பை ஒரு சுண்டு சுண்டுவாள். வெள்ளை அலை ஒன்று ஓடிவந்து இவள் கையில் முட்டும். அப்போதுதான் திரும்பி வருவாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. அவளுடைய கூடப்பிறந்த அக்கா இறந்தபோது அக்காவின் மகளுக்கு இரண்டு வயது. அத்தானுக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் குழந்தையை அவளிடம் விட்டுப் போனார். அது முடிந்து இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பின் இன்னொன்று. ஏழு வருடம் ஓடிவிட்டது.

குழந்தைக்கு அவள் வைத்த பெயர் கொசு. எந்நேரமும் எதையாவது முனகிப் பாடிக்கொண்டே காதைச் சுற்றி வரும். ஓர் அறையும் சமையலறையும் உள்ள அந்த வீட்டில் அந்தப் பாட்டு ஓயவே ஓயாது. குழாயை மூடாமல் விட்டதுபோல.

ஒருநாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அத்தான் கரைக்கு வந்துவிட்டார், மறுமணமும் செய்துகொண்டிருந்தார். மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் அதை நான்கு முறை படித்தாள். எழுத்துகள் புரிந்தன. பொருள்தான் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடியது.

அன்றைக்கு விரிப்பை எத்தனை முறை சுண்டியும் அவள் திரும்பி வரவில்லை. மடிப்பு மேசை அக்கா மெதுவாக விஷயத்தைக் கறந்தாள். கேட்டதும், நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இலவச சட்ட உதவி மையம் இருப்பதைச் சொன்னாள். தனக்கு விவாகரத்து வாங்கித் தந்ததே அவர்கள்தான்; வக்கீல் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமாம். சும்மா வருகிற வக்கீல் சும்மாதானே இருப்பார் என்று இவள் சந்தேகப்பட்டாள்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறியா? முதல்ல போய்ப் பாரு," என்றாள் அக்கா.

போனாள். நீளமான கூடம். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்து, காத்திருப்பவர்களின் மடியில் கிடந்தது. விண்ணப்பத்தில் உறவு என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: தாய், தந்தை, மற்றவர். 'மற்றவர்' மேல் பேனாவை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்றோ ஓர் இரவு காய்ச்சலில் கொதித்த ஒரு சின்ன நெற்றி மறுபடி உள்ளங்கையில் தட்டுப்பட்டது. "அம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்று குமாஸ்தா சொன்ன பிறகுதான் டிக் போட்டாள். சம்பளச் சீட்டைப் பார்த்து, உதவி பெறத் தகுதி உண்டு என்று முத்திரை குத்தினார்கள்.

அவளுக்கென்று ஒதுக்கிய வக்கீலம்மா கறுப்பு அங்கிக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தாள். தீராத ஜலதோஷம். குழந்தையோடு கழியும் ஒரு நாளை எழுதி வரச் சொன்னாள். தூங்குமூஞ்சி ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனாள். கொசு பல் தேய்க்கும்போது கண்ணாடியில் வரும் மூச்சுப் பனி, ஈரத் தலைமுடியின் வாசம், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கும் நடை, எல்லாம் அதில் இருந்தது. வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் படித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீதிபதிக்குத் தேதி வேணும்."

அப்புறம் இருவரும் உட்கார்ந்து தேதி தேடினார்கள். தடுப்பூசி அட்டை, மூக்குக்கண்ணாடி வாங்கிய சீட்டு, பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் வருடா வருடம் விழுந்த ஒரே கையெழுத்து. மேசை நிறைந்துவிட்டது. தூங்குமூஞ்சி அட்டைகளை ஓரம் சேர்த்து அடுக்கினாள். அவள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது.

"அத்தான் கப்பல்லேர்ந்து போன் பண்ணுவாரு. ஒவ்வொரு தடவையும் குழந்தை தூங்கறான்னு சொல்லிடுவேன். தூங்க மாட்டா. பக்கத்துலதான் விளையாடிட்டு இருப்பா."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். பிறகு, எதிர்த்தரப்பு கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்றாள். கேட்பதற்கு முன்னால் தானாகவே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் வழக்குக்கு அது பாதகமாகவும் போகலாம். முடிவை அவளே எடுக்கட்டும்.

வழக்கை முதலில் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள். சின்ன அறை, வட்ட மேசை, ஜன்னலில் வெளிர்நீலத் திரை. அத்தானுக்குத் தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவி, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி. சமரசம் செய்கிறவர் பேசிக்கொண்டிருந்தபோது திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. விரிப்பின் எதிர்முனையை யாரோ பிடித்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. அந்த மயக்கத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். ஏழு வருடம் சொன்ன பொய்யை, யாரும் கேட்காமலே.

அத்தானின் வக்கீல் அவசரமாகக் குறித்துக்கொண்டார். அத்தான் அவரைக் கையமர்த்தினார்.

"எனக்குத் தெரியும். நீ தூங்கறான்னு சொல்லுவ. பின்னாடி அவ பாடிட்டு இருப்பா."

அவள் அவரையே பார்த்தாள். "அப்புறம் ஏன் அத்தான் கேக்கல?"

"கேட்டா, அப்ப வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடுவியோன்னு பயம். அந்தப் பாட்டு முடியற வரைக்கும் வேற எதையாவது பேசிட்டு இருப்பேன்."

அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வக்கீலம்மா மூக்கைச் சிந்தினாள். இந்த முறை ஜலதோஷமா என்று சொல்ல முடியாது.

அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. இன்னும் மூன்று முறை அந்த அறையில் உட்கார வேண்டியிருந்தது. குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசிய நீதிபதி என்ன கேட்டார் என்று கொசு கடைசிவரை சொல்லவில்லை. "ரகசியம் சித்தி," என்று மட்டும் சொன்னது. முடிவில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி உத்தரவு வந்தது: சித்தியே பாதுகாவலர்; சனியும் ஞாயிறும் பள்ளி விடுமுறையில் பாதியும் அப்பாவிடம்.

முதல் சனிக்கிழமை அத்தானும் அவர் மனைவியும் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வந்து தெருமுனையில் நின்றிருந்தார்கள். கொசு பையை மாட்டிக்கொண்டு, பாதி தூரம் போய், ஓடி வந்து சித்தியின் கையை முகர்ந்துவிட்டு, மறுபடி போனது. மூன்று தலைகளும் திருப்பத்தில் மறைந்தன.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. சத்தமில்லாத வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இதுவரை பார்த்திராத தெருக்கள், மொட்டைமாடிகளில் காயும் யார் யாருடைய துணிகளோ, அதற்கப்புறம் மரங்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியாயிற்று. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார்.

"திரும்பிப் போகணும்," என்றாள். "எப்ப கிளம்பும்?"

அரைமணி ஆகும் என்றார். அவள் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.